ஜுபைதா வீட்டில் சிரிக்கக் கூடாது

என் உம்மா ஜுபைதா என் இடது கையை ஒடித்தது 1984 டிசம்பரில், வீட்டில் பெண்கள் கூடி நபிகள் புகழான மௌலூது ஓதிய ஒரு சாயங்காலம். சோறு கிண்டும் மரத்துடுப்பால் அடித்தாள். தலைக்குத்தான் குறி வைத்தாள். நான் கையைத் தூக்கித் தலையை மறைத்ததால் கை போயிற்று, தலை பிழைத்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. "பெத்த தாயைப் பத்தி இப்படியா சொல்றது, பல்கீஸ்?" என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். கதை உம்மாவுடையது. கை என்னுடையது.

வாப்பா கௌஸ் மலாய் நாட்டில், கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. மேருவிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் லோரிக்காரர்கள் பகல் பதினொன்றரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். வாப்பா முன்னால் நின்று தேத்தண்ணி ஆற்றுவார். எல்லாரிடமும் சிரிப்பார், யாரையும் அதிர்ந்து ஒரு சொல் சொல்லமாட்டார். பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் சமையல்கட்டு, அங்கே உம்மா. நாகூரிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள் அந்தச் சமையல்கட்டைத் தாண்டி அதிகம் போனதில்லை. அவளுக்குத் தெரிந்த மலாய் மீன்களின் பெயர்களும், 'போ', 'வாயை மூடு', 'அடிப்பேன்' ஆகிய மூன்றும்தான். அந்த மூன்றை வைத்தே கிள்ளானை ஆண்டாள்.

அய்யாவு என்று ஒரு லோரிக்காரர், நல்ல மனிதர். ஒருநாள் தண்ணீர் கேட்டுக்கொண்டே திரையை விலக்கி உள்ளே வந்துவிட்டார். உம்மா இறைச்சி வெட்டும் கத்தியோடு பாய்ந்தாள். அவர் பின்வாசல் வழியாக ஓடி, ஒரு செருப்பைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டு, லோரியில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"பாய், உங்க வீட்டுக்காரம்மாவ ஆர்மில சேத்து விடுங்கலா. போர்டர்ல ஒரு பய தலை காட்டமாட்டான்" என்று மறுநாள் வாப்பாவிடம் சொன்னார். கடையே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார், ஆனால் திரையைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சிரிக்கக் கூடாது. கடையில் சிரிக்கலாம், பள்ளிக்கூடத்தில் சிரிக்கலாம், உம்மா இருக்கும் இடத்தில் கூடாது. ஒருமுறை டிவியில் ஒரு கோமாளி வழுக்கி விழுந்தான். அண்ணன் யூனுஸ் விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்தில் இருந்த உம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். உம்மாவின் உதடும் ஒரு நொடி கோணியது. அவ்வளவுதான், அவள் கையில் இருந்த செம்பு பறந்தது. யூனுஸின் புருவம் கிழிந்து மூன்று தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் நாலு பிள்ளைகளும் சிரிப்பு வந்தால் மாடிப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவோம், மூத்திரம் போய்விட்டு வருவதுபோல.

அந்த உவமையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஏனென்றால் விஷயமே அதுதான்.

1978இல் கடைசித் தம்பி பிறந்தான். வீட்டில்தான் பிரசவம். பத்து பவுண்டு எடை என்று பின்னால் நிறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் உம்மா கத்தினாள். பிரசவம் பார்க்க வந்த பீடான் கிழவி கடைசியில் கட்டில்மேல் ஏறி, உம்மாவின் வயிற்றில் முழங்கையை ஊன்றி, ஆட்டா பிசைவதுபோல் அழுத்தி அவனை வெளியே தள்ளினாளாம். கிழிந்த இடத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நாற்பதாம் நாள் உம்மா குளித்துவிட்டு இறங்கி வந்து இருபது கிலோ சோற்றுப் பானையைத் தூக்கினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக நின்ற இடத்திலேயே கைலி நனைந்தது.

அதிலிருந்து இருமினால் வரும். தும்மினால் வரும். பானையைத் தூக்கினால் வரும். சிரித்தால் நிற்காமல் வரும். பழைய கைலிகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். அந்தத் துணிகளை அலசித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப் போடுவது எனக்கு எட்டு வயதில் கிடைத்த உத்தியோகம். "யாருகிட்டயாவது சொன்னே, நாக்கை அறுத்துடுவேன்" என்றாள். மற்ற வீடுகளில் தாய்மார் இப்படிச் சொன்னால் பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பானையை வேறு யாரும் தொட விடமாட்டாள். பக்கத்தில் வந்தால் வாடை தெரிந்துவிடுமே. வாப்பாவையும் அண்ட விடுவதில்லை. அவர் கீழே கடைப் பெஞ்சில்தான் படுத்துக்கொண்டார். அய்யாவு உள்ளே வந்த அன்று அவள் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். தெரிந்து என்ன? அடி விழும்போது, காரணம் தெரிந்தவளுக்கு ஒரு அடி குறையவா போகிறது?

எல்லாவற்றையும்விட மோசமாகப் போனது தொழுகை. கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழ நிற்பாள். குனிந்தால் ஒரு சொட்டு, ஒளு முறிந்துவிடும். மறுபடி கழுவி, மறுபடி ஒளு செய்து வந்து நிற்பாள். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் மறுபடியும். ஒருநாள் பகல் தொழுகையான லுஹருக்கு நாலுமுறை ஒளு செய்தாள். நாலாவது முறை தொழுகைப் பாயைச் சுருட்டிச் சுவரில் அடி அடியென்று அடித்தாள். அசுத்தமான உடம்போடு அல்லாஹ்வின் முன்னால் நிற்பது பாவம் என்று முடிவு செய்து, அன்றோடு தொழுவதை விட்டுவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பாள்?

வாப்பாவின் அக்கா மரியம் மாமி பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். வாப்பா அவரை 'லாத்தா' என்று கூப்பிட்டு எழுந்து நிற்பார். மாமி வந்தால் வீட்டில் எதைப் பார்க்கிறாரோ இல்லையோ, உம்மா தொழுகிறாளா என்று பார்ப்பார். ஆறு வருடமாக 'இப்ப தொழுற நாள் இல்ல' என்றே உம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மாதம் முழுக்க ஒரு பெண்ணுக்குத் தொழ முடியாத நாளாகவே இருக்குமா? முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

அந்த டிசம்பரில் மௌலூது ஓத இருபது பெண்கள் வந்திருந்தார்கள். ஓதி முடிந்ததும் மஃரிபு பாங்கு கேட்டது. எல்லாரும் எழுந்து வரிசையாக நின்றார்கள். உம்மா சோற்றைக் கிண்டுவதாகப் பாசாங்கு செய்துகொண்டு துடுப்போடு வாசல்படியில் நின்றாள்.

"ஜுபைதா, வா, வந்து நில்லு" என்றார் மாமி.

"நீங்க தொழுங்க. எனக்கு நாள் இல்ல."

"போன வெள்ளிக்கிழமையும் இதான் சொன்னே. பெருநாளைக்கும் இதான் சொன்னே." மாமி வரிசையிலிருந்து வெளியே வந்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க. தொழாத பொம்பளையோட என் தம்பி ஆறு வருசமா குடும்பம் நடத்துறான். அவனும் பெஞ்சுல படுக்கிறான். இந்த ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நாகூர்ல அவனுக்கு வேற பொண்ணு பாத்து நானே நிக்காஹ் முடிச்சு வைப்பேன். நீ ஊருக்குக் கப்பல் ஏறிடு. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்."

உம்மா வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் நின்றதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. உம்மாவைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்: "உம்மா வேணும்னு தொழாம இல்ல மாமி! குனிஞ்சா மூத்திரம் வந்துடுது. ஒளு நிக்க மாட்டேங்குது. நான்தான் துணி தொவைக்கிறேன்!"

இருபது பெண்கள் ஒரே நேரத்தில் உம்மாவின் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள். துடுப்பு இறங்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. காய்ந்த விறகு ஒடிவதுபோல, அவ்வளவு சாதாரணமாக இருந்தது. மறுபடி ஓங்கினாள். மாமியும் இன்னொருத்தியும் அவளைப் பிடித்துக்கொள்ள, மாமியின் முன்பல் ஒன்றை உம்மாவின் முழங்கை பதம் பார்த்தது. நான் துடுப்பைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அதில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

ஆஸ்பத்திரியில் "மாடிப்படில விழுந்துட்டா" என்று வாப்பா சொன்னார். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து வெளிறிப்போய் இருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. செவ்வாய்தோறும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வரச் சொன்னார்கள். வாப்பாவால் கடையை விட்டு வர முடியாது. உம்மாதான் பஸ்ஸில் கூட்டிப் போனாள். 

அந்தப் பிரிவில் இருந்தவர் புவான் ரொகாயா. நாற்பது வயது மலாய்ப் பெண், தலையில் துண்டு, வெள்ளைச் சட்டை, பருமனான கைகள். என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அமுக்கு. அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடி. விடு" என்று மலாயில் சொன்னார். எப்படி ஒடிந்தது என்று கேட்டார். விழுந்தேன் என்றேன். "விழுந்தா மணிக்கட்டுத்தான் ஒடியும். உனக்கு நடுக்கை ஒடிஞ்சிருக்கு" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

திரைக்கு அந்தப்பக்கம் பிள்ளை பெற்ற பெண்கள் சிலர் பாயில் படுத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். பார்த்தால் சும்மா படுத்திருப்பதுபோல்தான் இருக்கும். ஒரு தமிழ் நர்ஸ், சந்திரகலா என்று சட்டையில் பெயர் இருந்தது, அவர்களுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணுக்கு வருது, பாதியில நிறுத்துறீங்க, அந்த மாதிரி உள்ளுக்கு இழுங்க. இருமினா தும்முனா ஒழுகுதுல்ல, அதுக்குத்தான் இது. வெக்கப்படாதீங்க, நாட்டுல பாதிப் பேருக்கு இருக்கு."

உம்மா சிலைபோல உட்கார்ந்திருந்தாள். சந்திரகலா வேறு வார்டுக்குப் போகும்வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இருபது பேருக்குத் தெரிந்தது போதாதென்று, தமிழ் தெரிந்த ஆளிடம் சொன்னால் கிள்ளான் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தாள் போலிருக்கிறது. பிறகு என் முதுகில் விரலால் குத்தினாள்.

"இந்தம்மாகிட்ட சொல்லு."

"என்ன சொல்லணும்?"

உம்மாவின் முகம் இருண்டது. "அன்னைக்குச் சொன்னியே. எல்லார் முன்னாலயும். அதைச் சொல்லு."

எந்த வார்த்தைக்காக என் கையை ஒடித்தாளோ, அதே வார்த்தையைச் சொல்லச் சொன்னாள். நான் அவள் கைகளைப் பார்த்தேன். மடியில் சும்மாதான் கிடந்தன. ஆனால் எனக்கு அந்தக் கைகளைத் தெரியும். பயம் பாதி. மீதிப் பாதி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்: வன்மம். என் கையில் ஐந்து விரலும் மரக்கட்டையாக இருந்தன. புவான் ரொகாயாவின் பக்கம் திரும்பி, பள்ளிக்கூட மலாயில் வேகமாக, "உம்மாவுக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி" என்றேன். வலிக்கும் நோய்க்கும் மலாயில் ஒரே சொல்தான், 'சாக்கிட்'. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகிய அது மட்டும் காதில் விழ, நோயைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து உம்மா தலையை ஆட்டினாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

புவான் ரொகாயா எங்கே வலி, எப்போது வலி என்று கேட்கக் கேட்க, உம்மாவிடம் எதையோ கேட்பதுபோல் கேட்டுவிட்டு, நானே பதில்களைச் செய்து கொடுத்தேன். வயிற்றுத் தசை பலவீனமாக இருக்கும் என்று சொல்லி ஒரு பயிற்சி காட்டினார். மல்லாந்து படுத்து, ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள, முதுகைத் தூக்கி எழுந்து உட்கார வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது.

உம்மா எதைச் செய்தாலும் சண்டைக்குப் போவதுபோல்தான் செய்வாள். இருபது சொன்னதை நாற்பதாகச் செய்தாள். கணுக்காலைப் பிடித்துக்கொள்ள நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க எழுவாள். ஒவ்வொரு தடவை எழும்போதும் அவளுக்குக் கீழே விரித்த துணி நனைவதை நான் பார்த்தேன். அவள் அது போகப் போகச் சரியாகும் என்று நம்பினாள்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. அவள் அடிப்பதை நிறுத்தினாள். மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் மனசு இளகிவிட்டது. தம்பி குழம்புச் சட்டியைக் கவிழ்த்தான், அடி விழவில்லை. யூனுஸ் பள்ளியில் சண்டை போட்டு வந்தான், திட்டோடு போயிற்று. ஒருநாள் என் தலையை வாரிவிட்டாள், ஆறு வருடத்தில் முதல்முறையாக. பதினேழு நாள் எண்ணினேன். நான் அலச வேண்டிய துணிகளோ இரண்டு மடங்காகிவிட்டன. ஒற்றைக் கையால்தான் அவற்றைப் பிழிந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன். சொன்னால் அடி விழாத நாள்கள் அன்றோடு முடிந்துவிடும்.

பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையில் கூட்டம் நெரித்தது. உம்மா பானையைத் தூக்கிய நேரம், எண்ணெயில் விழுந்த மிளகாய் விழுது புகைந்து மேலே வந்தது. பானையைக் கையில் வைத்துக்கொண்டே இருமினாள். இருமி இருமி, பானையைப் போட்டாள். கொதிக்கிற கஞ்சி அவள் பாதத்தில் கொட்டியது. அவள் பாதத்தைப் பிடிக்கவில்லை, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய் அரிசி மூட்டைமேல் சரிந்தாள்.

நான் உள்ளே போனேன். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"என்னமோ கீழே எறங்கிடுச்சு புள்ள. உருண்டையா இருக்கு, கையில படுது." அவள் குரலே மாறியிருந்தது. "அந்தம்மா சொன்னதை ஒன்னு விடாமச் செஞ்சேனே. அல்லாஹ் என்னை மன்னிக்கல போலருக்கு. உன் கையை ஒடிச்சதுக்கு."

அவள் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கோழை நான்.

செவ்வாய்க்கிழமை பாதத்தில் கட்டோடு நொண்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சிகிச்சை அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு சீனர், முழங்கால் கட்டோடு இரண்டு எஸ்டேட் பெண்கள், அவர்களின் புருஷன்மார். புவான் ரொகாயா பந்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. இனிமேல் ஒரு நிமிடம் தாமதித்தாலும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் கத்தினேன்.

"உம்மாவுக்கு இடுப்பு வலி இல்ல! மூத்திரத்தை அடக்க முடியல! ஆறு வருசமா! இருமினா வருது, தூக்கினா வருது. நீங்க சொன்னதைச் செஞ்சு இப்ப உள்ளேருந்து எறங்கிடுச்சு. நான்தான் பொய் சொன்னேன்!"

மலாயில் கத்திவிட்டு, உம்மாவின் பக்கம் திரும்பித் தமிழிலும் அதையே சொன்னேன். "நீங்க சொல்லச் சொன்னதை நான் சொல்லல உம்மா. வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்." சொல்லி முடிக்கும் முன்பே என் இடது கை தானாக எழுந்து தலையை மறைத்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது புவான் ரொகாயா உம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தூக்கிய என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த இடம், நடுக்கை, நெற்றிக்கு மேலே சரியாக நின்றது.

"சியாப்பா புக்குல்?" என்றார். யார் அடித்தது?

நான் கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஆனால் மலாயில் உம்மாவுக்குத் தெரிந்த சில சொற்களில் 'புக்குல்' ஒன்று. அவள் எழுந்து நின்றாள். அந்தப் பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி, தன் மார்பில் கையை வைத்து, "சாயா புக்குல்" என்றாள். நான்தான் அடித்தேன்.

புவான் ரொகாயா பந்தை மேசைமேல் வைத்தார். பிறகு என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம உன் அம்மாகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

"இது அழுக்கு இல்ல, பாவமும் இல்ல. பிரசவத்துல கிழிஞ்சு தளர்ந்துபோன தசை. மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் அடியில இருந்து தாங்குற தசை அது. கையில ஒடிஞ்ச இடம் இறுகுற மாதிரி அதையும் பயிற்சியால இறுக்கலாம். நான் முன்னாடி சொன்ன பயிற்சியை இனிமே செய்யவே கூடாது. இன்னைக்கே லேடி டாக்டரப் பாக்கணும். பானையத் தூக்கக் கூடாது. தொழுகைய விட வேண்டியதில்ல, இந்த நோய்க்காரங்களுக்கு மார்க்கத்துல வழி இருக்கு, இமாமக் கேளுங்க." கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு பேரும் செவ்வாய்க்கிழமை தவறாம வரணும். இந்தப் புள்ள மேல ஒரு புதுக் காயத்தைப் பாத்தா, நானே போலீஸுக்குப் போவேன்."

அதையும் மொழிபெயர்த்தேன். என் உம்மாவை மிரட்டுகிற வார்த்தைகளை என் வாயாலேயே உம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, இறக்கம் கொஞ்சம்தான், இப்போதைக்கு அறுவை வேண்டாம், பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார். அன்று மாலையே வாப்பா இமாமைக் கேட்டு வந்தார். தொழுகை நேரம் வந்தபிறகு சுத்தம் செய்து, புதுத் துணி வைத்து, ஒளு செய்துவிட்டுத் தொழலாம். குனிய முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம். இவ்வளவுதான் பதில். உம்மா திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். "ஆறு வருசம்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா!" என்று சொல்லிச் சொல்லித் தலையைச் சுவரில் மோதினாள். வாப்பா திரையைக் கிழித்துக்கொண்டு போய் அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். இரண்டு மோதல் அந்தக் கையில் விழுந்தது. மூன்றாவது விழவில்லை.

அதற்குப் பிறகு காலையும் பகலும் மாலையும் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் பந்தை அமுக்குவேன். உம்மா தனக்குள் இழுத்துப் பிடிப்பாள், மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்காமல். ஐந்து எண்ணி இருவரும் விடுவோம். அப்படிப் பத்து முறை. என் பந்து கண்ணுக்குத் தெரியும், அவளுடையது தெரியாது. "நீ ஏமாத்துறியான்னு நான் பாக்கலாம், நான் ஏமாத்துறேனான்னு நீ பாக்க முடியாது பாரு" என்றாள் ஒருநாள். இருமல் வரும் முன்பே இறுக்கிக்கொள்ளவும் பழகினாள். இரண்டாம் மாதம் துணிகள் பாதியாகக் குறைந்தன. மூன்றாம் மாதம் அவற்றைத் தானே அலச ஆரம்பித்தாள். என் உத்தியோகம் போயிற்று.

நோன்பு மாதம் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை மரியம் மாமி வந்தார், கட்டிய புதுப் பல்லோடு. நோன்பு திறக்கும் நேரத்து மஃரிபு வரிசையின் ஓரத்தில் உம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுததைக் கடைசிவரை பார்த்தார். தொழுது முடிந்ததும், "நாகூருக்கு எழுத வேண்டியதில்ல" என்று மட்டும் வாப்பாவிடம் சொல்லிவிட்டு, பேரீச்சம்பழத்தைப் புதுப் பல் படாமல் ஓரமாக மென்றார்.

மறுநாள் சாயங்காலத் தொழுகையான அசருக்குப் பிறகு, நோன்புக் கஞ்சிப் பானையை இறக்க வேண்டும். இப்போதெல்லாம் அது வாப்பாவின் வேலை. ஆயுளில் தேத்தண்ணிக் குவளையைத் தவிர எதையும் தூக்காத மனிதர். நாங்கள் நாலு பேரும் சுவரோரமாக நின்று பார்த்தோம். இரண்டு கையாலும் பானையைத் தூக்கி நாலடி வைத்தார். கைலி அவிழ்ந்தது. பானையை வைக்கவும் இடமில்லை, கைலியைப் பிடிக்கவும் கையில்லை. "ஜுபைதா! ஜுபைதா! புடி, புடி!" என்று முழங்கால்களை ஒட்டிக்கொண்டு, குட்டைக் கால்சட்டையோடு சமையல்கட்டைச் சுற்றி நடந்தார்.

உம்மா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயைத் திறந்து, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. எனக்கு நினைவு தெரிந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கீழே குனிந்து தன் கைலியைப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. "பாருங்க புள்ளைங்களா, ஒரு சொட்டு இல்ல!" என்று எங்கள் பக்கம் திரும்பினாள்.

நாங்கள் நாலு பேரும் சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் மண்டையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தோம். நினைத்துச் செய்யவில்லை. உம்மா இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது, கைகள் தாமாக எழுந்துவிட்டன.

அவள் சிரிப்பு நின்றது.

"கையை எறக்குங்க" என்றாள் மெதுவாக. "உம்மா ஒன்னும் செய்யமாட்டேன். எறக்குங்க புள்ளைங்களா."

யூனுஸ் இறக்கினான். தங்கை இறக்கினாள். நான் என் இடது கையை வலது கையால் பிடித்து இறக்கினேன். கடைசித் தம்பிக்கு ஆறு வயது. அவன் மட்டும், கஞ்சிப் பானை முன்கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இறக்கவில்லை. உம்மா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் கை இறங்கும்வரை காத்திருந்தாள்.